கேபிள் அடாப்டரும் திரையின் புதுப்பிப்பு வேகமும்

கணிப்பொறியின் திரை இன்று மாணவர், எழுத்தர், பொறியாளர், ஓவியர் ஆகிய எல்லாருடைய கண்முன்னும் நாள்தோறும் பல மணி நேரம் நிற்கின்றது. அத்திரையை வாங்குவோர் அதன் அகலத்தையும் விலையையும் மட்டும் கேட்டு வந்த காலம் மாறி, "வினாடிக்கு எத்தனை ஹெர்ட்ஸ்?" என்று வினவும் காலம் வந்துவிட்டது. 144 ஹெர்ட்ஸ், 165 ஹெர்ட்ஸ் என்று பெட்டியின்மேல் அச்சிட்ட மானிட்டரை வாங்கி வந்து இணைத்த பின்னர், கணிப்பொறி 60 என்ற எண்ணையே காட்டுவதுண்டு. 4கே எனப்படும் நுண்திரையை இணைத்தவர்க்கு 30 ஹெர்ட்ஸ் மட்டுமே கிட்டுவதும் உண்டு.

அப்பொழுது, "ஓர் அடாப்டர் வாங்கிப் போட்டால் சரியாகிவிடும்" என்னும் யோசனை எங்கிருந்தாவது வந்து சேரும். சிலருக்கு அது பலிக்கின்றது. வேறு சிலர் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று நான்கு அடாப்டர்களை வாங்கியும் பயன் காணாமல், குறையற்ற மானிட்டரையே பழுது என்று ஒதுக்கிவிடுகின்றனர். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? பள்ளிக் கணக்கில் கற்ற பெருக்கலைக் கொண்டே, பணம் செலவிடுமுன் இதனை அறிந்துகொள்ள இயலும். அம்முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆற்றுப் பாலம் கற்பிக்கும் பாடம்

புனே நகரின் வடமேற்கில் முளா ஆற்றங்கரையில் அமைந்திருப்பது போபோடி. ஆற்றின் மறுகரையில் தாபோடி இருக்கின்றது. பழைய மும்பை–புனே நெடுஞ்சாலை இவ்விரண்டிற்கும் இடையே ஆற்றைக் கடக்கின்றது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் கட்டப்பட்ட ஹாரிஸ் பாலம் இங்கே உள்ளது. நகரம் வளர்ந்தபோது சாலை அகலப்படுத்தப்பட்டது; பாலமோ பழைய அகலத்திலேயே நின்றது. அகன்ற சாலையில் விரைந்து வந்த வண்டிகள் யாவும் பாலத்தின் வாயிலில் நெருங்கித் தேங்கின. சாலையை மேலும் அகலமாக்கியிருந்தாலும், வண்டிகளுக்கு இன்னும் வலிய எஞ்சின்களைப் பொருத்தியிருந்தாலும் பாலத்தைக் கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கை கூடியிராது. 2010-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் அதன் இருமருங்கிலும் இணைப் பாலங்கள் கட்டப்பட்ட பின்னரே நெருக்கடி தணிந்தது.

கணிப்பொறியிலிருந்து திரைக்குச் செல்லும் படமும் இவ்வாறே பல பகுதிகளைக் கடந்து செல்கின்றது. படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் சில்லு, கணிப்பொறியின் செருகுவாய், அடாப்டர், கேபிள், மானிட்டரின் செருகுவாய், திரைப்பலகை என்பன அப்பகுதிகள். இவற்றுள் மிகக் குறுகியது எதுவோ, அதன் அளவே முழு வழியின் அளவாகும். குறுகிய பகுதி இருக்கும் இடத்தை விட்டுச் செல்ல வேறு வழி திறந்துவிடும் அடாப்டர் பயன் தரும். அடாப்டரே குறுகியதாக இருந்தால் முன்பு இருந்த வேகமும் குறைந்துவிடும். இவ்விதியை நினைவிற்கொண்டு மேலே செல்வோம்.

புதுப்பிப்பு வேகம் என்பது யாது?

திரையில் நாம் காண்பது அசையும் ஒரே படமன்று. அசையாத படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து மாற்றப்படுவதால் அசைவு தோன்றுகின்றது. ஒரு வினாடியில் திரை எத்தனை முறை புதிய படத்தை ஏற்றுக் காட்டுகின்றதோ, அதுவே அதன் புதுப்பிப்பு வேகம். இதனை ஹெர்ட்ஸ் என்னும் அலகால் அளக்கிறோம். 60 ஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 60 தடவை.

திரைப்படங்கள் வினாடிக்கு 24 படங்களாக எடுக்கப்படுகின்றன. எனினும், படச்சுருள் ஓடிய காலத்துக் கொட்டகைகளில் சுழலும் மூடி ஒவ்வொரு படத்தையும் இரு முறையேனும் திரையில் வீழ்த்தியது. ஒளி 48 முறை விட்டுவிட்டு வந்தமையால் கண் துடிப்பை அதிகம் உணரவில்லை. டெலிவிஷனிலும் இத்தகைய உபாயமே கையாளப்பட்டது. இந்தியாவில் 1959 செப்டம்பர் 15 அன்று டில்லியில் தொடங்கிய ஒளிபரப்பும், 1972 அக்டோபர் 2 அன்று மும்பையில் தொடங்கியதும், 1973-இல் புனேக்கு வந்த அஞ்சல் ஒளிபரப்பும், 1975 ஆகஸ்டு 15 அன்று சென்னையில் தொடங்கியதும் 625 வரி முறையைச் சேர்ந்தவை. அம்முறையில் வினாடிக்கு 25 முழுப் படங்கள், ஒன்றுவிட்ட வரிகளாகப் பிரிக்கப்பட்டு, 50 அரைப் படங்களாக அனுப்பப்பட்டன. நம் நாட்டு மாறுமின்சாரம் வினாடிக்கு 50 சுற்றுடையது. படத்தின் வேகமும் அதனோடு ஒத்திருந்ததால், மின்சாரத்தின் குறுக்கீடு திரையில் ஊர்ந்து செல்லும் பட்டையாகத் தோன்றுவது தவிர்க்கப்பட்டது.

படக்குழாய் மானிட்டர்களில் எலெக்ட்ரான் கற்றை பட்ட இடம் ஒளிர்ந்து உடனே மங்கும். ஆதலின் 60 ஹெர்ட்ஸில் கூர்ந்து பணி செய்வோர்க்குத் துடிப்புத் தெரிந்தது. 75 அல்லது 85 ஹெர்ட்ஸ் கண்ணுக்கு இதமாக இருந்தது. இன்றைய எல்.சி.டி. திரையின் தன்மை வேறு. அடுத்த படம் வரும்வரை முந்தைய படத்தை அது அப்படியே பிடித்து வைத்திருக்கின்றது. எனவே 60 ஹெர்ட்ஸிலும் அது துடிப்பதில்லை. எழுத்துப் பணிக்கும் நிலைப்படங்களுக்கும் 60 ஹெர்ட்ஸே போதும் என்பதை முதலிலேயே கூறிவிடுவது நலம்.

அவ்வாறாயின் மிகுந்த வேகத்தால் வரும் நன்மை என்ன? 1920 புள்ளி அகலமுள்ள திரையை ஒரு பொருள் ஒரு வினாடியில் கடந்து செல்வதாகக் கொள்வோம். 60 ஹெர்ட்ஸில் அது ஒவ்வொரு படத்திலும் 32 புள்ளிகள் தாவுகின்றது. 120 ஹெர்ட்ஸில் 16 புள்ளிகளும், 144 ஹெர்ட்ஸில் சுமார் 13 புள்ளிகளும் மட்டுமே தாவுகின்றது. தாவல் சிறுத்தால் அசைவு தெளிவாகின்றது. மேலும், 60 ஹெர்ட்ஸில் ஒரு படத்திற்கும் அடுத்ததற்கும் இடையே 16.7 மில்லி வினாடி கழிகின்றது. 144 ஹெர்ட்ஸில் 6.9 மில்லி வினாடி போதும். கையின் அசைவிற்குத் திரை விரைந்து விடை தருகின்றது. இதற்கு மாறாக, 30 ஹெர்ட்ஸில் 33 மில்லி வினாடி கழிவதால், சுட்டியை நகர்த்தும்போது அம்புக்குறி கையின் பின்னே இழுபட்டு வருவதைப் பழகாதவரும் உணர்வர். ஆகவே 60-லிருந்து 144-க்கு உயர்வது சிலருக்கே தேவையான வசதியாயினும், 30-லிருந்து 60-க்கு உயர்வது அன்றாடப் பணிக்கே இன்றியமையாதது.

படப்புள்ளிகளின் கணக்கு

திரை முழுவதும் படப்புள்ளிகளால் ஆனது. அகலத்திலுள்ள புள்ளிகளை உயரத்திலுள்ள வரிகளால் பெருக்கி, வரும் தொகையைப் புதுப்பிப்பு வேகத்தால் பெருக்கினால், வினாடிக்கு எத்தனை புள்ளிகள் கேபிள் வழியே செல்ல வேண்டும் என்பது தெரியும்.

1920 × 1080 திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. 60 ஹெர்ட்ஸுக்கு இது வினாடிக்குச் சுமார் 12.4 கோடி ஆகும். ஆனால் கேபிளில் ஓடுவது இதனினும் சற்று மிகுதி. படக்குழாய்க் காலத்தில் ஒரு வரியை எழுதி முடித்த எலெக்ட்ரான் கற்றை அடுத்த வரியின் தொடக்கத்திற்குத் திரும்புவதற்குச் சிறிது அவகாசம் தேவைப்பட்டது. அவ்வவகாசம் படத்தைச் சுற்றிக் காட்டப்படாத ஓரமாக அமைந்தது. படக்குழாய் மறைந்தும் அவ்வோரம் முற்றிலும் மறையவில்லை. ஒலியும் கட்டுப்பாட்டுச் செய்திகளும் இன்று அவ்விடத்தில் பயணம் செய்கின்றன. ஓரத்தையும் சேர்த்தால் 1920 × 1080 படம் 2200 × 1125 ஆகின்றது. 60 ஹெர்ட்ஸுக்கு வினாடிக்கு 14.85 கோடி என்பது வழக்கமான கணக்கு. ஓரத்தைக் குறுக்கி அனுப்பும் முறையும் பின்னர் ஏற்பட்டது.

நாம் அடிக்கடி சந்திக்கும் அளவுகள், ஓரங்களும் சேர்ந்து, வினாடிக்குக் கோடிப் புள்ளிகளில் பின்வருமாறு:

1920 × 1080, 60 ஹெர்ட்ஸ்: 14.85
1920 × 1080, 120 ஹெர்ட்ஸ்: 29.7
1920 × 1080, 144 ஹெர்ட்ஸ், ஓரம் குறுக்கியது: சுமார் 32.5
3840 × 2160, 30 ஹெர்ட்ஸ்: 29.7
3840 × 2160, 60 ஹெர்ட்ஸ்: 59.4, ஓரம் குறுக்கினால் சுமார் 53.3

4கே திரையில் புள்ளிகள் நான்கு மடங்கு இருப்பதால், 30 ஹெர்ட்ஸ் 4கே படமும் 120 ஹெர்ட்ஸ் சாதாரணப் படமும் ஒரே அளவு இடத்தைக் கேட்கின்றன என்பதைக் காண்க.

வழிகளின் கொள்ளளவு

1987-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட வி.ஜி.ஏ. முறை, ஒளியின் அளவுக்கேற்ப மின்னழுத்தத்தை ஏற்றியிறக்கிப் படத்தை அனுப்பியது. பின்னர் வந்த முறைகள் படத்தை எண்களாகவே அனுப்புகின்றன. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்களுக்குத் தலைக்கு 8 பிட் வீதம் 24 பிட் தேவை. அக்கணக்கில், ஒவ்வொரு முறையும் வினாடிக்குச் சுமக்க அனுமதிக்கப்பட்ட புள்ளிகள் கோடியில் வருமாறு:

டி.வி.ஐ. ஒற்றை இணைப்பு (1999): 16.5
டி.வி.ஐ. இரட்டை இணைப்பு (1999): 33
எச்.டி.எம்.ஐ. 1.0 (2002): 16.5
எச்.டி.எம்.ஐ. 1.3 (2006), 1.4 (2009): 34
எச்.டி.எம்.ஐ. 2.0 (2013): 60
டிஸ்ப்ளே போர்ட் 1.1 (2007): 36
டிஸ்ப்ளே போர்ட் 1.2 (2010): 72
டிஸ்ப்ளே போர்ட் 1.3 (2014), 1.4 (2016): 108

2017-இல் வந்த எச்.டி.எம்.ஐ. 2.1 வேறு வகைக் குறியீட்டைக் கையாண்டு, கம்பிகளில் வினாடிக்கு 4,800 கோடி பிட்வரை செல்ல இடம் தந்தது.

மேற்கண்ட எண்கள் மேல் வரம்புகளே. ஒரு கருவியின்மேல் 1.4 என்றோ 2.0 என்றோ எழுதியிருப்பதனால் மட்டும் அது அம்முழு அளவையும் தரும் என்று கொள்ளலாகாது. கருவியின் கையேட்டில், "இவ்வளவு புள்ளி அகல உயரத்திற்கு இவ்வளவு ஹெர்ட்ஸ்" என்று ஒவ்வொரு செருகுவாய்க்கும் தனித்தனியே கொடுத்திருப்பதே நம்பத்தக்கது.

அட்டவணையில் இன்னொன்றும் கருதத்தக்கது. டி.வி.ஐ. முறை ஒற்றை இணைப்பிலிருந்து இரட்டை இணைப்பானபோது கம்பியின் வேகம் கூடவில்லை. மூன்று கம்பி இணைகள் சென்ற இடத்தில் ஆறு இணைகள் சென்றன. இது பழைய பாலத்தின் பக்கத்தில் புதிய பாலம் கட்டியதை ஒத்தது. எச்.டி.எம்.ஐ. முறையோ, பெரும்பாலும் அதே மூன்று இணைகளில் வேகத்தைக் கூட்டியே வளர்ந்தது.

அடாப்டர் செய்யும் பணி

வெளித்தோற்றத்தில் எல்லா அடாப்டர்களும் ஒன்றுபோலவே காணப்படும். உள்ளே அவை இரு வகைப்படும்.

முதல் வகை, மொழிபெயர்ப்பு ஏதும் செய்யாதது. டிஸ்ப்ளே போர்ட் முறையில் படம் சிறு பொதிகளாகக் கட்டப்பட்டு நான்கு பாதைகள்வரை பகிர்ந்து அனுப்பப்படுகின்றது. எச்.டி.எம்.ஐ. முறையிலோ ஒவ்வொரு நிறமும் தனக்குரிய கம்பி இணையில் கடிகாரத் துடிப்போடு ஒத்துச் செல்கின்றது. இவ்விரண்டும் வெவ்வேறு மொழிகள். எனினும் பல கணிப்பொறிகளின் டிஸ்ப்ளே போர்ட் செருகுவாய், வேண்டும்போது எச்.டி.எம்.ஐ. மொழியிலும் பேச வல்லது. டி, பி என்னும் ஆங்கில எழுத்துகளின் அருகே இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் அது இவ்வகை எனக் கொள்ளலாம். அங்கே அடாப்டர் மின்னழுத்தத்தின் மட்டத்தை மட்டும் மாற்றித் தருகின்றது. இத்தகைய அடாப்டரின் விலை குறைவு. இவற்றின் முதல் தரத்திற்கு வரம்பு 16.5 கோடி, பின்னர் வந்த இரண்டாம் தரத்திற்கு 30 கோடி. மலிவான அடாப்டரை இணைத்ததும் 60 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுவதன் காரணம் பெரும்பாலும் இம்முதல் தரத்தின் வரம்பேயாகும்.

இரண்டாவது வகையில் உள்ளே ஒரு சில்லு இருந்து, ஒரு மொழியில் வந்ததை முற்றிலும் வாங்கி, மறு மொழியில் புதிதாக எழுதி அனுப்புகின்றது. இதன் வரம்பு அச்சில்லின் திறனைப் பொறுத்தது. இது ஒருவழிப் பாதை என்பதை மறத்தலாகாது. டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து எச்.டி.எம்.ஐ.-க்கு மாற்றுவதற்கென அமைந்த அடாப்டரைத் திருப்பிப் போட்டால் அது இயங்காது. எச்.டி.எம்.ஐ. செருகுவாய் மட்டுமுள்ள கணிப்பொறியை டிஸ்ப்ளே போர்ட் மட்டுமுள்ள மானிட்டருடன் இணைக்க அதற்கெனவே அமைந்த வேறு கருவி வேண்டும். அதற்குத் தனி மின்னூட்டமும் பெரும்பாலும் தேவைப்படும்.

மூன்று உதாரணங்கள்

முதல் உதாரணம்: 2015-இல் வெளிவந்த இன்டல் ஆறாம் தலைமுறைச் செயலிகள் கொண்ட அலுவலகக் கணிப்பொறிகள் மறுவிற்பனைக்கு வருகின்றன. மாணவர்களும் சிறு பள்ளிகளும் இத்தகையவற்றை வாங்குவதுண்டு. அச்செயலியிலுள்ள கிராபிக்ஸ் பகுதி எச்.டி.எம்.ஐ. 1.4 வழியையும் டிஸ்ப்ளே போர்ட் 1.2 வழியையும் தருகின்றது. 4கே மானிட்டரை எச்.டி.எம்.ஐ. வழியே இணைத்தால் 59.4 கோடி தேவைப்படும் இடத்தில் 34 கோடிக்கே இடமுண்டு. ஆகவே வேகம் 30 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏறாது. அதே பெட்டியின் டிஸ்ப்ளே போர்ட்டிலோ 72 கோடிக்கு இடமிருக்கின்றது. மானிட்டரில் டிஸ்ப்ளே போர்ட் இருந்தால் நேரான கேபிளே போதும், அடாப்டர் வேண்டுவதில்லை. மானிட்டரிலோ டெலிவிஷனிலோ எச்.டி.எம்.ஐ. மட்டும் இருந்தால், டிஸ்ப்ளே போர்ட் 1.2-லிருந்து எச்.டி.எம்.ஐ. 2.0-க்கு மாற்றும் சில்லுள்ள அடாப்டர் 60 ஹெர்ட்ஸைத் தரும். இங்கே அடாப்டர் வேகத்தைப் படைக்கவில்லை; பயன்படாது கிடந்த அகன்ற வழியைத் திறந்துவிட்டது. இதே இடத்தில் சில்லில்லாத மலிவான அடாப்டரைப் போட்டால் பழைய 30 ஹெர்ட்ஸே மிஞ்சும்.

இரண்டாவது உதாரணம்: 2012-ஐ ஒட்டி விற்பனைக்கு வந்த 144 ஹெர்ட்ஸ் மானிட்டர்கள் சிலவற்றில் முழு வேகம் இரட்டை இணைப்பு டி.வி.ஐ. வழியேதான் கிட்டியது, அவற்றின் எச்.டி.எம்.ஐ. வழி குறைந்த வேகத்தையே ஏற்றது. 32.5 கோடி 33-க்குள் அடங்கியது. இன்றைய கணிப்பொறிகளில் டி.வி.ஐ. செருகுவாய் அரிது. எனவே டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து டி.வி.ஐ.-க்கு மாற்றும் சிறிய அடாப்டரைப் பலர் வாங்குகின்றனர். அதன் டி.வி.ஐ. வாயில் இரட்டை இணைப்பிற்குரிய துளைகள் யாவும் இருக்கும். ஆனால் உள்ளே ஒற்றை இணைப்பிற்குரிய கம்பிகளே செல்லும். வரம்பு 16.5 கோடி; வேகம் 60 ஹெர்ட்ஸ். இரட்டை இணைப்பை உண்மையிலேயே உண்டாக்கும் சில்லுள்ள அடாப்டர் தனியே உண்டு. அது விலை மிகுந்தது. அதற்கு மின்னூட்டம் கொடுக்கப் பெரும்பாலும் ஒரு யு.எஸ்.பி. முனையும் தொங்கும். அதன் விலையைப் பழைய மானிட்டரின் இன்றைய மதிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

மூன்றாவது உதாரணம்: மடிக்கணிப்பொறிகளின் யு.எஸ்.பி. சி செருகுவாயில் டிஸ்ப்ளே போர்ட் படத்தை அனுப்பும் ஏற்பாடு 2014-இல் அறிவிக்கப்பட்டது. அச்செருகுவாயில் விரைவான பாதைகள் நான்கு உள்ளன. படம் மட்டும் சென்றால் நான்கும் அதற்கே. ஆனால் படத்தோடு விரைவான யு.எஸ்.பி. வாய்களையும் தரும் பலமுனை அடாப்டர்களில், இரண்டு பாதைகள் யு.எஸ்.பி.-க்கு ஒதுக்கப்படுவதுண்டு. அப்பொழுது டிஸ்ப்ளே போர்ட் 1.2 தரத்தின் 72 கோடி பாதியாகி 36 ஆகின்றது. 4கே படம் 30 ஹெர்ட்ஸுக்கு இறங்குகின்றது. கணிப்பொறியும் அடாப்டரும் 1.4 தரமாயின் 108-இல் பாதி 54 கோடி. ஓரம் குறுக்கிய 53.3 கோடி அதில் மயிரிழையில் நுழைந்துவிடும். ஒரே தோற்றமுள்ள இரு அடாப்டர்களுள் ஒன்று 30-உம் மற்றொன்று 60-உம் தருவதன் இரகசியம் இதுதான். விரைவான யு.எஸ்.பி. வாய்கள் இல்லாமல், படம் ஒன்றையே தரும் எளிய அடாப்டர் சில வேளைகளில் விலைமிகுந்த பலமுனை அடாப்டரை வெல்வதும் இதனாலேயே.

இடம் போதாதபோது கையாளும் உபாயங்கள்

படத்தையே சற்றுச் சுருக்கி அனுப்பும் முறைகளும் உள்ளன. மனிதக் கண் ஒளியின் ஏற்றத்தாழ்வை நுட்பமாகவும் நிறத்தின் ஏற்றத்தாழ்வைச் சற்று மந்தமாகவும் அறிகின்றது. இதனைப் பயன்படுத்தி, ஒளிச் செய்தியை முழுமையாகவும் நிறச் செய்தியை நான்கு புள்ளிகளுக்கு ஒன்றாகவும் அனுப்பினால் தேவையான இடம் பாதியாகின்றது. எச்.டி.எம்.ஐ. 1.4 அளவே உள்ள சில கருவிகள் 4கே படத்தை 60 ஹெர்ட்ஸில் காட்டுவது இவ்வுபாயத்தால்தான். திரைப்படம் பார்ப்பதற்கு இது குறையாகத் தெரியாது. ஆனால் சிறு எழுத்துகளின் விளிம்பில், சிறப்பாக நிறப் பின்னணியில் நிறமுள்ள எழுத்துகளில், சாயம் கசிந்தது போன்ற மங்கல் ஏற்படும். எழுத்துப் பணி செய்வோர் இதனை ஏற்கலாகாது.

டிஸ்ப்ளே போர்ட் 1.4 முதலியவற்றில் கண்ணுக்குப் புலப்படாதவாறு படத்தைச் சுருக்கும் முறை சேர்க்கப்பட்டுள்ளது. அதனை இரு முனைகளும் இடையிலுள்ள அடாப்டரும் ஏற்றிருக்க வேண்டும். சாதாரண யு.எஸ்.பி. வழியே படத்தைச் சுருக்கி அனுப்பும் அடாப்டர்களும் உள்ளன. அவை செயலியின் உழைப்பைக் கேட்பன. கணக்கேட்டிற்கு ஏற்றவை, விரைந்த அசைவிற்குப் பொருந்தாதவை.

கேபிளும் அறிமுகச் சீட்டும்

கேபிள் வேகத்தைக் கூட்டாது. ஆனால் குறைக்க வல்லது. அதிர்வெண் உயர உயர மின்னோட்டம் செம்புக் கம்பியின் மேற்பரப்பை மட்டுமே நாடுவதால் தடை மிகுகின்றது. உறையாகிய காப்புப் பொருளும் ஆற்றலை விழுங்குகின்றது. ஆகவே 60 ஹெர்ட்ஸில் குறையின்றிப் பணி செய்த நீண்ட கேபிள், உயர்ந்த வேகத்தில் திரையில் பொறிகள் மின்னவோ படம் அறுந்து அறுந்து வரவோ செய்யலாம். குட்டையான, தரச்சான்று பெற்ற கேபிளே இதற்கு மருந்து. தங்கமுலாம் பூசிய முனை துருப்பிடிக்காமல் இருக்க உதவுமேயன்றி வேகத்திற்கு உதவாது.

இன்னொரு தடையும் உண்டு. ஒவ்வொரு மானிட்டரும் தன் திறன்களை எழுதி வைத்த ஓர் அறிமுகச் சீட்டைத் தன்னுள் கொண்டுள்ளது. இ.டி.ஐ.டி. எனப்படும் இவ்வமைப்பு 1994-இல் ஏற்பட்டது; இதன் அடிப்படைப் பகுதி 128 பைட் அளவே உள்ளது. இணைத்தவுடன் கணிப்பொறி இச்சீட்டைப் படித்து, அதில் கண்ட வேகங்களையே நமக்குக் காட்டுகின்றது. இடையிலுள்ள அடாப்டர் சீட்டைத் திருத்தியோ முழுதும் கடத்தாமலோ விட்டால், உயர்ந்த வேகம் பட்டியலிலேயே இராது. பட்டியலில் இல்லாத வேகத்தை எண்களை மாற்றி வலிந்து ஏற்றுவாரும் உண்டு. திரைப்பலகைக்கு அத்திறன் இருந்தாலன்றி இதனால் கறுத்த திரையே கிட்டும். அல்லது மானிட்டர் 75 படங்களைப் பெற்று அவற்றில் 60-ஐ மட்டும் காட்டி, மற்றவற்றை வீசிவிடும்.

எல்லாவற்றையும் சரியாக இணைத்த பின்னரும் கணிப்பொறி 60 ஹெர்ட்ஸிலேயே நிற்கக்கூடும். திரை அமைப்புகளில் நுழைந்து உயர்ந்த வேகத்தை நாமே தேர்ந்தெடுத்தல் வேண்டும். சில மானிட்டர்களில் அவற்றின் சொந்தப் பட்டியிலும் உயர்தர முறையை இயக்கி வைக்க வேண்டும். காசு செலவில்லாத இவ்விரு செயல்களையும் முதலில் செய்து பார்ப்பது அறிவுடைமை.

வாங்குமுன் செய்யத்தக்கவை

ஒரு தாளை எடுத்து, வேண்டிய அகலம், உயரம், வேகம் ஆகியவற்றைப் பெருக்கி, ஓரத்திற்கெனப் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்க. வழக்கமான அகன்ற ஓரமாயின் ஐந்தில் ஒரு பங்கு கூட்டவேண்டும். அதன்கீழ்க் கணிப்பொறியின் ஒவ்வொரு செருகுவாயின் வரம்பையும், மானிட்டரின் ஒவ்வொரு செருகுவாயின் வரம்பையும் எழுதுக. தேவையான எண்ணைத் தாங்கும் செருகுவாய் இரு பக்கத்திலும் ஒரே வகையாக இருந்தால் நேரான கேபிளை வாங்குக. வகை வேறுபட்டால் மட்டும் அடாப்டரை நாடுக. அதன் வரம்பும், அது செல்லும் திசையும், சில்லுள்ளதா இல்லாததா என்பதும் எழுத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க. "4கே ஏற்கும்" என்னும் சொல் மட்டும் போதாது. எத்தனை ஹெர்ட்ஸில் என்பதைக் கேட்டறிக. கணிப்பொறியின் எந்தச் செருகுவாயும் அவ்வெண்ணைத் தாங்காதாயின், எந்த அடாப்டரும் உதவாது என்று தெளிந்து பணத்தைச் சேமிக்கலாம்.

இதனால் விளையும் நன்மை பணத்தோடு முடிவதன்று. பொருந்தாத அடாப்டர்களும், தவறாகப் பழுதென்று கருதப்பட்ட மானிட்டர்களும் இறுதியில் மின்கழிவுக் குவியலையே சேர்கின்றன. அக்கழிவைச் சீராகக் கையாளுவதற்கான 2022-ஆம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்துள்ளன. கழிவை முறையாக அகற்றுவதினும், நல்ல கருவி கழிவாகாமல் காப்பது எளிது. பத்தாண்டுப் பழமையான கணிப்பொறியும் சரியான வழியில் இணைக்கப்பட்டால், 4கே திரையில் 60 ஹெர்ட்ஸ் தந்து ஒரு மாணவனின் படிப்பிற்கு இன்னும் பல நாள் துணைநிற்கும்.

பயிற்சி

1. 2560 × 1440 புள்ளித் திரையை 60 ஹெர்ட்ஸில் இயக்க ஒற்றை இணைப்பு டி.வி.ஐ. போதுமா? விடை: காணும் புள்ளிகள் மட்டுமே வினாடிக்கு 22.1 கோடி. வரம்பு 16.5 கோடி. ஆகவே போதாது. இரண்டாம் தரமான, 30 கோடி தாங்கும் சில்லில்லாத அடாப்டர் எச்.டி.எம்.ஐ. வழியே போதும்; கணிப்பொறியின் செருகுவாயும் மானிட்டரின் செருகுவாயும் அவ்வளவு தாங்குதல் வேண்டும்.

2. 1920 × 1080 திரையை 75 ஹெர்ட்ஸில் இயக்க 16.5 கோடி வரம்புள்ள அடாப்டர் ஏற்றதா? விடை: காணும் புள்ளிகள் 15.55 கோடி. வரம்பிற்குள் இருப்பதாகத் தோன்றினும், வழக்கமான குறுகிய ஓரத்தைச் சேர்த்தால் சுமார் 17.4 கோடி ஆகின்றது. ஆகவே ஏற்றதன்று.

3. எச்.டி.எம்.ஐ. 2.0 வழியே 4கே படத்தை முழு நிறத்தோடும் சுருக்காமலும் 120 ஹெர்ட்ஸில் அனுப்ப இயலுமா? விடை: காணும் புள்ளிகளே 99.5 கோடி, வரம்பு 60 கோடி. இயலாது. இதற்கு டிஸ்ப்ளே போர்ட் 1.4 அல்லது எச்.டி.எம்.ஐ. 2.1 வழியே தேவை.